மாவட்டத்திலேயே நோய் மிகுந்த வீடு

என் கணவர் டொக்டர் ஸ்ரீஸ்கந்தராசா வாழ்க்கையில் ஒரு பிழையும் விட்டதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். ஒருமுறை மாத்தளைக்குப் போக வேண்டிய என்னைக் கண்டி பஸ் நிலையத்தில் தெல்தெனிய பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அன்றுகூடப் பிழை அவருடையதல்ல. பஸ் இடம் மாறி நின்றதாம், நானும் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் ஏறினேனாம். கலியாணம் முடிந்து இருபது வருடத்தில் "நான் பிழை விட்டிட்டன்" என்று அவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று நல்லூர் முருகனுக்கு நான் நேர்த்தி வைக்காததுதான் மிச்சம்.

இப்படிக் குறையே இல்லாத மனிதர், தான் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று நாற்பத்தேழாவது வயதில் வந்து சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையில் இருந்த அரிசி பாதி தொட்டிக்குள் போய்விட்டது.

காரணம் பேச்சியம்மா. மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். என் கணவர் வேலை செய்த அரசாங்க ஆஸ்பத்திரியின் இருதயக் கிளினிக்குக்கு மாதாமாதம் வருவார். அவர் வரும்போதெல்லாம் அவருடைய கோப்பு மட்டும் வராது. தேடுவார்கள், அகப்படாது, புதிதாக ஒன்று திறப்பார்கள், முதலிலிருந்து எல்லாப் பரிசோதனையும் செய்வார்கள். கடைசியாக வந்தபோது அந்த மனுஷி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாராம்:

"எத்தன வாட்டிதான் ஐயா என் நெஞ்சப் படம் புடிப்பீங்க? உள்ளுக்குள்ள என்னா இருக்குன்னு எனக்கே மனப்பாடமாயிருச்சு."

இவருக்கு அது சுட்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "இஞ்சாரும், இதுக்கு ஒரே வழி கொம்பியூட்டர்தான்" என்றார்.

"ஒரு நல்ல அலுமாரி காணாதோ?" என்று கேட்டேன்.

போதாதாம். பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கான கணினிப் படிப்பு என்று இரண்டு வருடப் பட்டமேற்படிப்பு ஒன்று தொடங்கியிருந்தார்கள். சனி ஞாயிறுகளில் வகுப்பு. 2005ஆம் ஆண்டு தை மாதம், புதுச் சப்பாத்தும் புதுப் பையுமாக என் கணவர் பள்ளிக்கூடம் போனார். நான் கணித ஆசிரியை. புதுப் பையோடு வருகிற பிள்ளைகளைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் இவரை விரிவுரையாளர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். இரண்டாம் வாரம் "அங்கிள்" என்றார்களாம். உண்மையான விரிவுரையாளரோ, சின்ன வயதில் இவரிடம் சளித் தடிமனுக்கு மருந்து எடுத்த பெடியன். ஆயிரம் பேரின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை, மவுஸைப் பிடித்ததும் நடுங்கியது. மேசைதான் ஆடுகிறது என்று மேசைக் காலுக்குக் கடதாசி மடித்து வைத்தார்.

படிப்புக் கொஞ்சம் ஏறியதும் அது என் குசினிக்குள்ளும் இறங்கியது. மிளகாய்த்தூள், மல்லி, சீரகம் எல்லாப் போத்தல்களுக்கும் இலக்கம் ஒட்டினார். இனிப் பெயர் தேவையில்லையாம், இலக்கம் போதுமாம். ஒரு நாள் பருப்புக் கறிக்குள் மஞ்சளுக்குப் பதிலாகக் கடுகுத்தூள் போனது. சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "முறையில பிழையில்லை, பாவிச்ச ஆளிலதான் பிழை" என்றார். அன்றிலிருந்து அவருடைய கணினி விட்ட பிழையெல்லாம் பாவித்த ஆளின் பிழையாயிற்று. பாவித்த ஆள் பெரும்பாலும் நான்தான்.

மடிக்கணினியோடு போய்வருவது அந்தக் காலத்தில் இலேசான காரியமில்லை. 2006இல் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. பாலத்தடியில் இருந்த சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் இவரை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். பெட்டிக்குள் என்ன என்று ஒரு சிப்பாய் கேட்டான். "பத்தொன்பதாயிரம் நோயாளிகள்" என்று இவர் உண்மையைச் சொன்னார். திறந்து காட்டினால் திரை முழுக்க இலக்கங்கள். ஒரு தமிழனின் பெட்டிக்குள் அர்த்தம் தெரியாத இலக்கங்கள் இருந்தால் எந்த இராணுவம்தான் விடும்? அதிகாரியிடம் கொண்டுபோனார்கள். என் கணவர் அந்த அதிகாரிக்கு முதலாம் பாடத்திலிருந்து விளக்கத் தொடங்கினார். சந்தேகத்தில் பிடித்தவர்கள் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். அந்த அதிகாரி பாதியில் எழுந்து போனது மரியாதைக் குறைவு என்று இவர் வீட்டில் வந்து குறைப்பட்டார்.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவருக்கும் ஊர் யாழ்ப்பாணம். வேலைக்காகக் கண்டிக்கு வந்து, கெலிஓயாவில் றமீஸா என்பவரின் வளவுக்குள் இருந்த சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, அப்படியே வேர்விட்டுவிட்டோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை எங்களுக்குத் தெரியவே கூடாது என்று இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் கங்கணம் கட்டிக்கொண்டு நின்றன. 2002இல் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்தது. அந்தப் பாதையால் சமாதானம் வருகிறது என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் வீட்டுக்கு மூத்திரக்கல் வந்தது. இவருடைய பெரியப்பா அதைக் கொண்டுவந்தார். அவர் குணமாகிப் போய்ச் சொன்ன கதையைக் கேட்டு என் சித்தி நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தோடு வந்தார். பிறகு மச்சாள் இருதயத்தோடு, மாமா கண்ணோடு, யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாத ஒரு அன்னலட்சுமி நிறைமாத வயிற்றோடு. வரும்போது பனங்கிழங்கும் எள்ளுருண்டையும் கொண்டுவருவார்கள். நான் புட்டு அவித்தே களைத்துப்போனேன்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் விலாசம் கேட்பார்கள். யாழ்ப்பாணம் என்று சொன்னால் எழுதுகிற கை நின்றுவிடும். ஏன் இவ்வளவு தூரம் வந்தீர், எங்கே தங்குகிறீர், எப்போது திரும்பிப் போவீர், யார் பொறுப்பு? மருந்தை விடக் கேள்வி கூட. பெரியப்பா அங்கே நின்று விழித்ததைப் பார்த்துவிட்டு என் கணவர் ஒரு சட்டம் போட்டார்.

"ஒண்டும் கதைக்க வேண்டாம். எங்கட விலாசத்தைக் குடுங்கோ. கெலிஓயா எண்டால் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம்."

உண்மையாகவே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் நோயோடு வந்தாலும் ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் எங்கள் வீட்டுக்காரர். அந்தச் சட்டம் இன்று வரையில் பிழைபோனதில்லை என்று இவர் அடிக்கடி சொல்லிக் காட்டுவார்.

கடைசியாக வந்தவன் விமலநாதன், என் சித்தியின் மகன். வயது முப்பத்தொன்று. கிளிநொச்சியிலிருந்து இருதய வால்வு மாற்ற வந்தான். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது, பாதைதான் மூடிவிட்டது. இரத்தம் உறையாமலிருக்க அவன் குடிக்கிற மருந்துக்கு மாதாமாதம் இரத்தம் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை இல்லாத இடத்துக்கு அவன் திரும்பிப் போனால் மருந்தே அவனைக் கொன்றுவிடும். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும்; அவனைச் சிகிச்சைக்கென்று ஒரு மாதம் பதிந்தார்கள். மாதம் முடிந்து போனபோது, சொந்த ஊர்க் கிராம அலுவலரிடம் கடிதம் கொண்டுவா என்றார்கள். கிளிநொச்சியிலிருந்து அப்போது ஷெல் சத்தத்தைத் தவிர வேறொன்றும் வெளியே வரவில்லை. ஆகவே விமலன் எங்கள் பின்னறையில் இருந்தான், பொலிஸின் பட்டியலில் இல்லை. கிளினிக்குக்குப் போகும் நாளைத் தவிர அவன் வீட்டுப் படலையைத் தாண்டமாட்டான்.

படிப்பின் கடைசிக் கட்டமாக ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். என் கணவர் எழுதிய கணினி நிரல், ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளர்களை வீடு வீடாகப் பிரித்து, எந்த வீட்டில் நோய் அளவுக்கு மீறி இருக்கிறது என்று தானாகவே கண்டுபிடிக்கும். யாருடைய அந்தரங்கமும் வெளியே போகக் கூடாது என்பதற்காகப் பெயரையும் விலாசத்தையும் ஆஸ்பத்திரிப் பதிவறையே எடுத்துவிட்டு, வீட்டுக்கொரு இலக்கம் போட்டுக் கொடுத்தது. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தவரும் இவரேதான். என் குசினிப் போத்தல்களிலேயே நான் இதைக் கண்டிருக்க வேண்டும்.

2007ஆம் ஆண்டு வைகாசி. ஒரு மாலை நான் இடியப்பம் அவித்துக்கொண்டிருக்கிறேன், இவர் குதித்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சாரும்! ஒரு வீடு கண்டுபிடிச்சிருக்கிறன். 2117ஆம் வீடு. ஒரே வீட்டில நாப்பத்து மூண்டு நோயாளர்!"

"நாப்பத்து மூண்டோ? அது வீடோ, மடமோ?"

"வீடுதான். கொம்பியூட்டர் பிழை விடாது. பதினொரு பேருக்குச் சீனி வருத்தம், ஏழு பேருக்கு இருதயம், அஞ்சு பேருக்குக் கல்லு. மூண்டு பிள்ளைப்பெறு வேற. மாவட்டத்திலயே இப்பிடியொரு வீடு இல்லை."

"பாவங்கள்," என்றேன். "அந்த வீட்டில சமைக்கிறது ஆரோ?"

"அதைவிடப் புதினம், கேளும். ஓகஸ்ட் மாதம் வந்தால் வருத்தம் கூடுது. பெரகரா நேரம் உச்சத்துக்குப் போகுது. யானைச் சாணியில ஏதும் கிருமி இருக்கோ எண்டு புரொபெசர் யோசிக்கிறார்."

பேராசிரியர் தென்னக்கோன் இவருடைய ஆய்வுக்குப் பொறுப்பானவர். பெரிய படிப்பாளி. கண்டிப் பெரகரா ஊர்வலத்தைப் பார்க்க ஊரிலிருந்து சொந்தக்காரர் வருவார்கள், வந்த கையோடு வருத்தத்தையும் காட்டிவிட்டுப் போவார்கள் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. என் கணவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் இருவருக்கும் அது மூளையில் ஓடவில்லை. விமலன் தட்டை நீட்டி இன்னும் இரண்டு இடியப்பம் கேட்டான்.

"அத்தான், அந்தச் சனத்தை ஆரும் போய்ப் பாக்கேல்லையோ?"

"விடுவமோ? சுகாதாரப் பகுதிக்குப் புரொபெசர் எழுதிப்போட்டார். பதிவறையில விலாசத்தை எடுத்து, ஆள் அனுப்பிக் கிணத்துத் தண்ணியையும் சோதிப்பினம்" என்றார் என் கணவர். அந்தக் குடும்பத்தை நினைத்து மூன்று பேரும் கொஞ்ச நேரம் இரங்கினோம்.

ஒரு சனிக்கிழமை, இவர் வகுப்புக்குப் போயிருந்தார். படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் தலைக்கவசத்தோடும் கண்ணாடிப் போத்தல்களோடும் வந்து நின்றார். பெயர் கேட்டார், கமலாசனி, ஆசிரியை என்றேன். சிங்களத்தில் மிகவும் மரியாதையாகக் கதைத்தார்.

"இந்த வீட்டில் எத்தனை பேர், டீச்சர்?"

"இரண்டு பேர்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முழு வீட்டையும் ஒருமுறை பார்த்தார்.

"நாற்பத்து மூன்று என்று இருக்கிறதே?"

அந்த இலக்கத்தைக் கேட்டதும் பெரியப்பா, சித்தி, மச்சாள், மாமா, அந்த அன்னலட்சுமி எல்லோரும் எள்ளுருண்டைப் பையோடு என் கண்முன்னால் வரிசையில் வந்து நின்றார்கள். அந்தப் பாவப்பட்ட வீட்டில் சமைக்கிறது யார் என்று நான் கேட்ட கேள்விக்கு விடை, கையில் அகப்பையோடு வாசலில் நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் விமலன் இருமினான்.

"அது யார்?"

"தம்பி. விருந்துக்கு வந்தவர்."

"அப்படியென்றால் மூன்று பேர்" என்று அவர் எழுதிக்கொண்டார்.

அவர் கிணற்றில் வாளியை விட்டதைக் கண்டு றமீஸா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "என்ன டீச்சர் இது? எங்கட கிணத்துக்கு என்ன வந்தீக்கி? மூணு தலமொறயா நாங்க குடிக்கிற தண்ணி. எங்கட ஊட்டுல ஒத்தருக்கும் ஒண்டும் இல்லயே!" என்றார். பரிசோதகர் குழம்பிப்போனார். ஒரே கிணற்றுத் தண்ணீரில் ஒரு வீடு மல்யுத்தத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறது, பக்கத்து வீட்டில் நாற்பத்து மூன்று நோயாளர். அதிலும் நாற்பது பேரைக் காணவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

"பயப்பட ஒன்றுமில்லை, டீச்சர். இரண்டு கிழமையில் பொலிஸில் இந்த வீட்டுப் பதிவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் சரியாகிவிடும். வழமையான வேலைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். சிரித்த முகம். நான் அகப்பையோடு படியில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் என் கணவர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப என்ர புரோகிராம் சரியாத்தானே கண்டுபிடிச்சிருக்கு!"

அகப்பையை எறிந்தேனா இல்லையா என்பது எங்கள் குடும்ப விஷயம்.

விமலன் பையோடு அறையிலிருந்து வெளியே வந்தான். "அக்கா, நான் கொழும்புக்குப் போறன். ஒரு லொட்ஜில நிப்பன். என்னால உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம்" என்றான். கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை விடியப்புறம் எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய மாதம் அது. பையைப் பறித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். எனக்குப் பகிடி எல்லாம் விட்டுப்போயிற்று. பயம் மட்டும்தான் இருந்தது. பொலிஸ் பட்டியலோடு வந்தால், பட்டியலில் இல்லாத, கிளிநொச்சியில் பிறந்த, நெஞ்சில் நீளமாக வெட்டுக்காயம் உள்ள முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை. அது ஆஸ்பத்திரிக் காயம் என்று அவர்கள் நம்பும் வரையில் அவனுக்கு யார் மருந்து கொடுப்பார்கள்?

"நான் புரொபெசரிட்ட உள்ளதைச் சொல்லுறன். அவர் நல்ல மனுசன்" என்றார் இவர்.

"அவர் நல்ல மனுசன்தான். அவர் எழுதுற கடிதத்தை வாசிக்கிற எல்லாரும் நல்ல மனுசரோ? ஒரு விலாசத்தில நாப்பத்து மூண்டு தமிழர் பொய்ப் பதிவெண்டு ஒருத்தன் எழுதினால், அடுத்த நாள் எங்க நிப்பம்?"

இவர் கதிரையில் இருந்தார். கணித ஆசிரியையின் மூளைக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

"நிரல் பிழையெண்டால், வீடே இல்லை. வீடு இல்லையெண்டால் ஒருத்தரும் தேடி வரமாட்டினம்."

"என்ர புரோகிராமைப் பிழை எண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

பெற்ற பிள்ளையைத் தெருவில் விடச் சொன்ன மாதிரிப் பார்த்தார். இரண்டு வருடச் சனி ஞாயிறு, சாவடிகளில் நின்ற நேரம், பேச்சியம்மாவுக்கு அவர் மனதுக்குள் கொடுத்த வாக்கு எல்லாம் அந்த நிரலுக்குள்தான் இருந்தன. அந்தக் கிழமை முழுக்க அவர் என்னோடு உப்பைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

கிழமைக் கடைசியில் நடந்த ஆய்வுக்கான வாய்மொழிப் பரீட்சைக்குக் குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். அவர் பிழையை ஒத்துக்கொள்வார் என்று நம்பிப் போகவில்லை. இருபது வருட அனுபவம் அதற்கு இடம் தரவில்லை. சொல்லாமல் விட்டால் அன்றைக்கே விமலனைக் கூட்டிக்கொண்டு எங்கே ஓடுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் நன்றாகப் பேசினார். பேச்சியம்மாவின் கதையோடு தொடங்கினார், கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர்கூடச் சிரித்துவிட்டார். திரையில் புள்ளிகளும் கோடுகளும் வந்தன. 2117 வந்தது. பேராசிரியர் தென்னக்கோன் கதிரை நுனிக்கு வந்தார். மருமகனின் பட்டமளிப்பைப் பார்க்கிற மாமனார் முகம் அவருக்கு.

என் கணவர் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன்."

முன்னாலிருந்த கதிரையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

விளக்கமும் சொன்னார். விலாசம் எழுதப்படாத நோயாளர்கள் வரும்போது, அவர்களை விட்டுவிடாமல், முந்தி வந்த ஒரு வீட்டு இலக்கத்திலேயே தன்னுடைய நிரல் சேர்த்துவிட்டதாம். அப்படி எங்கெங்கோ இருந்த, விலாசமில்லாத நாற்பத்து மூன்று பேரை ஒரே வீட்டில் கொண்டுவந்து குவித்துவிட்டதாம். 2117ஆம் வீட்டில் அப்படி நோயாளர் யாருமே இல்லையாம்.

"இதைச் சோதித்துப் பார்க்கவில்லையா?" என்றார் கொழும்புப் பரீட்சகர்.

"இல்லை."

"மற்ற வீடுகளிலும் இதே பிழை இருக்குமே?"

"எல்லாவற்றிலும் இருக்கும்."

"முதல் தவணை மாணவன்கூட இப்படிச் செய்யமாட்டான், டொக்டர்."

"உண்மை" என்றார் என் கணவர். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு எழுந்துபோய் அந்தப் பிள்ளையின் காதைத் திருகவேண்டும் போல் இருந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "ஸ்ரீ, சுகாதாரப் பகுதி வேலையைத் தொடங்கிவிட்டது. இது கணக்குப் பிழை, வேலையை நிறுத்துங்கள் என்று நான் எழுத வேண்டியிருக்கும். எழுதினால் இந்த ஆய்வு முடிந்தது. விளங்குகிறதா?"

"விளங்குகிறது, சேர். இன்றைக்கே எழுதினால் நல்லது."

"இன்றைக்கேயா?"

"இன்றைக்கே."

பேராசிரியர் அவரைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையில் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கியதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மேசையிலேயே கடிதத்தை எழுதி, ஆளைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டுத்தான் எழுந்தார்.

இவர் பரீட்சையில் தேறவில்லை. விரும்பினால் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். பேச்சியம்மாவின் கோப்பு மாதிரி.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். சாவடியில் வழக்கம் போல இறக்கினார்கள், பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், இவர் திறந்து காட்டினார், இந்த முறை பாடம் எடுக்கவில்லை. வீட்டில் விமலன் தேத்தண்ணீர் போட்டு வைத்திருந்தான். இருபது வருடமாக நான் சேர்த்துவைத்திருந்த குத்தல் பேச்செல்லாம் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. எந்த வார்த்தைக்காக இத்தனை காலம் காத்திருந்தேனோ, அதை அந்த மனிதர் ஊரறியச் சொல்லிவிட்டார், அதுவும் ஒரு பிழையும் விடாத ஒரே இடத்தில். அன்றைக்கு அவரில் எனக்கு வந்த அன்பை, கலியாண வீட்டில் மாலை போட்டபோதுகூட நான் அறிந்ததில்லை.

பரிசோதகர் திரும்ப வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் மிகவும் சுத்தமானது என்று ஓர் அறிவித்தல் மட்டும் வந்தது. றமீஸா அதை வாங்கிக்கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். விமலன் மாதாமாதம் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்த மாதக் கடைசியில் தொலைபேசி அடித்தது. வவுனியாவிலிருந்து இவருடைய மாமி. ஒரு கண் மங்கிக்கொண்டு வருகிறதாம், கண்டிக்கு வரலாமோ என்று கேட்டார். கவுண்டரில் என்ன விலாசம் சொல்வது என்றும் கேட்டார். நான் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு இவரைப் பார்த்தேன். புதுத் தலைப்புக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கட விலாசத்தைக் குடுக்கச் சொல்லும்."

"உங்கட கணக்கில அந்த வீட்டில ஒருத்தரும் இல்லையெல்லோ?" என்றேன்.

"ஓம்," என்றார். "அதாலதான் இடம் கிடக்கு."